கண்டுபிடித்ததற்கான கூலி

படகைப் பழுதுபார்ப்பதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று, கெட்டதைச் சரிசெய்வது மற்றொன்று. இரண்டாவது கண்ணுக்குத் தெரியும். கழற்றிய பழைய பம்ப் தளத்தில் கிடக்கும், அதன் இடத்தில் புதியது உட்கார்ந்திருக்கும், பில்லில் அதற்கென்று ஒரு வரி இருக்கும். முதல் வேலைக்குக் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அரை நாள் தேடிய பிறகு மெக்கானிக்கின் கையில் இருப்பது ஒரு வாக்கியம்தான்: ‘டேங்கிலிருந்து வரும் ஓஸ் உள்பக்கம் உரிந்து அடைத்துக்கொண்டிருக்கிறது.’ அந்த வாக்கியத்துக்கு எவ்வளவு கேட்கலாம், தேடியும் கிடைக்காத நாளுக்கு யார் பணம் தருவது, தவறாகச் சொல்லிவிட்டால் என்ன என்பவையெல்லாம் படகுப் பட்டறைகளில் தினந்தோறும் எழும் சச்சரவுகள்.

தமிழகத்தின் மீன்பிடித் துறைமுகங்களில் பெரும்பாலும் இதற்கெனத் தனிக் காசு கேட்கும் வழக்கமில்லை. மெக்கானிக் வருகிறார், பார்க்கிறார், சொல்கிறார். மாட்டும் சாமானின் விலையும் மாட்டுகூலியும் பில்லில் வரும். பார்த்ததற்கான காசு அந்த இரண்டுக்குள் எங்கோ கரைந்திருக்கும். அமெரிக்காவின் பொழுதுபோக்குப் படகுத்துறைகளில் வழக்கம் வேறு. அங்கே பட்டறைகள் பொதுவாக மணிக்கு இவ்வளவு என்று கூலி வைத்திருக்கின்றன. பழுதைத் தேடுவதும் அதே கணக்கில் சேரும். குறைந்தபட்சம் ஒரு மணி நேரக் கூலியை முன்னதாகவே வாங்கிவைத்துக்கொள்ளும் பட்டறைகளும் உண்டு. முதல் முறையில் வாடிக்கையாளர் எதற்குப் பணம் தந்தோம் என்று தெரியாமல் தருகிறார். இரண்டாவது முறையில் தெரிந்தே தருகிறார், ஆனால் அந்த மணி நேரத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிவதில்லை.

காருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு முற்றவில்லை. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஒரே வகைப் பழுதறி இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஒரே கருவியைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படித்துவிடலாம். படகு இன்ஜின்களில் அப்படியொரு பொது வழக்கம் ஊன்றவில்லை. யமஹாவுக்கு ஒரு மென்பொருள், வோல்வோ பென்டாவுக்கு வேறொன்று. நான்கு கம்பெனி இன்ஜின்களைப் பார்க்கும் பட்டறை நான்கையும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். மீன்பிடிப் படகுகளிலோ பெரும்பகுதி கணினியே இல்லாத டீசல் இன்ஜின்கள். லாரிக்காகச் செய்த இன்ஜினைக் கடலுக்கேற்ற குளிர்விப்புடனும் கியருடனும் மாற்றிப் பொருத்தியவையும் அவற்றில் உண்டு. குறியீடு கிடைக்கிற இன்ஜினிலும் அது பாதி வழிதான் கூட்டிப்போகும். ‘சூடு அதிகம்’ என்று குறியீடு சொல்லும். கடல்நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்ததாலா, தெர்மோஸ்டாட் திறக்காததாலா, நீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டதாலா, வெப்பமானியே பொய் சொல்கிறதா என்பதை மனிதர்தான் தேடியாக வேண்டும்.

இடமும் ஒரு பிரச்சினை. காரின் மூடியைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். விசைப்படகில் அது தளத்துக்குக் கீழே, நிமிர்ந்து நிற்க முடியாத அறையில், டீசல் டேங்குகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரு ஓஸ் கிளாம்பைத் தொட்டுப்பார்க்க இரண்டு பலகைகளையும் ஒரு பேட்டரிப் பெட்டியையும் அகற்ற வேண்டியிருக்கலாம். ஒரே இன்ஜின் இரண்டு படகுகளில் இருந்தால் ஒன்றில் பத்து நிமிடமாகும் சோதனை இன்னொன்றில் இரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் கார்த் தொழிலில் நிலைத்துவிட்ட ‘இந்த வேலைக்கு இத்தனை மணி’ என்ற அட்டவணை படகில் அவுட்போர்டு இன்ஜினோடு நின்றுவிடுகிறது. படகின் பின்பலகையில் வெளியே தொங்குவதால் அவுட்போர்டு எந்தப் படகிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி எட்டும். உள்ளே பொருத்திய இன்ஜினுக்கு அட்டவணை எழுதியவர் அந்தப் படகின் உட்புறத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

இதைவிடப் பெரிய வேறுபாடு, படகின் பல நோய்கள் கரையில் தெரியாது என்பது. அவுட்போர்டைக் கரையில் தண்ணீர்க் குழாய் மாட்டி ஓட்டினால் அது சுமையில்லாமல் சுற்றும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். கடலில் ஆள், வலை, ஐஸ் எல்லாம் ஏற்றி முழு வேகத்தில் போகும்போதுதான் மூச்சுத் திணறும். உள்பொருத்திய இன்ஜினின் கப்ளிங்கும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குப் படகு தண்ணீரில் மிதக்க வேண்டும். கரையேற்றித் தாங்குகட்டையில் நிறுத்தும்போது படகின் உடல் சற்றே வடிவம் மாறுகிறது. அங்கே நேராக இருந்த கோடு தண்ணீரில் விலகும். கப்ளிங்கின் இரு முகங்களுக்கு நடுவே மெல்லிய தகடு நுழைத்து அளப்பார்கள். விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது பொது வழக்கு. இந்த அளவை எடுப்பதற்கு ஒரு ஆள் போதாது, அமைதியான தண்ணீரும் வேண்டும். அதிர்வு வருகிறது என்று புகார் சொன்ன உரிமையாளருக்கு இதில் எதுவும் தெரியாது. இரண்டு பேர் அரை நாள் படகில் உட்கார்ந்திருந்ததுதான் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

பழுது இன்ஜினிலேயே இல்லாமலும் போகலாம். கறுப்புப் புகை தள்ளி, சொல்லப்பட்ட சுற்று வேகத்தை எட்டாமல் திணறும் டீசல் இன்ஜினைப் பார்த்ததும் இன்ஜெக்டர்களையும் பம்பையும் சந்தேகிப்பது இயல்பு. ஆனால் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் மண்டியிருந்தாலும், முந்தின மாதம் மாற்றிய புரொப்பல்லரின் சாய்வு அளவு கூடுதலாக இருந்தாலும் அதே புகை வரும். இன்ஜினுக்கு வரும் காற்று குறைந்தாலும் வரும். பம்பைக் கழற்றி வெளியூருக்கு அளவுபார்க்க அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருந்து, ‘பம்ப் சரியாகத்தான் இருக்கிறது’ என்ற பதிலோடு அது திரும்பி வந்து சேரும் கதை எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு.

நல்ல சோதனை எப்படி இருக்கும் என்பதற்கு அவுட்போர்டில் ஓர் எளிய உதாரணம் இருக்கிறது. வேகம் கூட்டினால் இன்ஜின் அணைந்துபோகிறது என்று புகார். எரிபொருள் வராத அறிகுறி. படகின் டேங்கிலிருந்து இன்ஜின் வரை காற்றுத்துளை, உறிஞ்சுகுழாய், வடிகட்டி, கைப்பம்ப் பல்பு, இணைப்புகள் என்று எத்தனையோ இடங்களில் தடை இருக்கலாம். இன்ஜினுக்குள் கார்புரேட்டரிலும் இருக்கலாம். கையில் தூக்கும் ஒரு சிறு டேங்கில் சுத்தமான பெட்ரோலை ஊற்றி, புது ஓஸ் மாட்டி, நேரே இன்ஜினில் இணைத்துக் கடலில் ஒரு சுற்று ஓட்டினால் போதும். ஒழுங்காக ஓடினால் இன்ஜின் குற்றமற்றது, பழுது படகின் பக்கம். ஓடாவிட்டால் டேங்கையும் குழாய்களையும் மறந்துவிடலாம். சந்தேகத்தின் பரப்பு ஒரே சோதனையில் பாதியாகிறது. மண்ணெண்ணெயில் ஓட்டும் அவுட்போர்டுகளில் இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. பெட்ரோலில் நன்றாக ஓடி மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் திணறினால் தேட வேண்டிய இடம் மேலும் சுருங்கிவிடும்.

மின்சாரப் பழுதில் அளவுகளைத் தெரிந்து எடுப்பதன் அருமை இன்னும் கூர்மையாகத் தெரியும். ஸ்டார்ட்டர் சுற்றவில்லை, பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நல்லது, ஆகவே ஸ்டார்ட்டர் கெட்டது என்று முடிவுகட்டிப் புதிய ஸ்டார்ட்டர் வாங்கிவிடுகிறார்கள். உப்புக்காற்றில் கேபிளின் முனை பச்சை பூத்து 0.02 ஓம் தடை ஏறியிருந்தால் போதும். மின்னோட்டம் இல்லாதபோது அந்தத் தடை சாதாரண மீட்டருக்குப் பிடிபடாது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் அந்த முனையிலேயே 3 வோல்ட் தொலைந்துபோகும். சாவியை ஒருவர் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் கேபிளின் இரு முனைகளுக்கு நடுவே மீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மருந்து உப்புத்தாளால் தேய்த்து இறுக்குவதுதான். சோதித்தவருக்குச் சாமான் விற்ற லாபம் ஒரு பைசாவும் இல்லை.

பழுதறிதலுக்குத் தனிக் கூலி இல்லையென்றால் சரியாகக் கண்டுபிடித்தவருக்கு நட்டம், ஊகித்துப் பாகம் மாற்றியவருக்கு லாபம். கேபிள் முனையைத் தேய்த்துக்கொடுத்த மெக்கானிக் பெறுவது தேநீர்க் காசு. ஸ்டார்ட்டரை மாற்றியவர் விலையில் ஒரு பங்கும் மாட்டுகூலியும் பெறுகிறார். மாற்றும்போது கேபிள் முனையும் கழன்று சுத்தமாகி இறுகிவிடுவதால் இன்ஜினும் கிளம்பிவிடும்! தவறான பழுதறிதல் சரியானதுபோல் நிரூபணமாகிவிடுகிறது. மெக்கானிக் பொய் சொன்னதாகக்கூட ஆகாது, அவரும் அதை நம்பியிருப்பார்.

பொருளியலில் இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் 1973இல் எழுதிய கட்டுரையில், வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தேவைப்பட்டதா இல்லையா என்று வாங்கியவரால் சொல்ல முடியாத பண்டங்களைத் தனி வகையாகப் பிரித்தார்கள். மருத்துவமும் வாகனப் பழுதும் அதில் அடங்கும். எது தேவை என்று சொல்பவரும் அதை விற்பவரும் ஒருவராக இருப்பதுதான் சிக்கலின் வேர். கோட்பாட்டுக்கு வெளியே நடந்த நிகழ்ச்சி 1992இல் கலிஃபோர்னியாவில் பேசப்பட்டது. சியர்ஸ் நிறுவனத்தின் கார்ப் பட்டறைகள் தேவையில்லாத வேலைகளை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதாக மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புத் துறை குற்றம்சாட்டியது. அங்கே ஆலோசகர்களுக்கு விற்பனையைப் பொறுத்துக் கமிஷன் தரப்பட்டது. விவகாரம் வெடித்த பிறகு அந்தக் கமிஷன் முறையை நிறுவனம் கைவிட்டது. ஊழியர்களின் குணத்தைத் திருத்துவதைவிடச் சம்பளக் கணக்கைத் திருத்துவது சுலபம் என்று அது கண்டுகொண்டது போலும்.

ஆகவே தனிக் கூலி வேண்டும். எதற்கெல்லாம் என்பதில்தான் கவனம் தேவை. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதற்கும், கேட்டவுடன் தோன்றும் யோசனையைச் சொல்வதற்கும் காசு வாங்கும் பட்டறை நெடுநாள் நிற்காது. வாங்கவும் கூடாது. அது கடை திறந்து வைத்திருப்பதன் ஒரு பகுதி. கருவியோ ஸ்பேனரோ கையில் எடுத்த கணத்திலிருந்து கணக்குத் தொடங்கலாம். பழுதான இடத்தை எட்டுவதற்காகக் கழற்றும் நேரம், திரும்ப மாட்டும் நேரம், சோதனை நேரம், கடலில் ஓட்டிப் பார்க்கும் நேரம், அதற்குத் தேவைப்படும் இரண்டாவது ஆள், படகு நிற்கும் இடத்துக்குப் போய்வரும் நேரம், கரையேற்ற வேண்டுமானால் அந்தச் செலவு ஆகியவை நியாயமானவை. திரும்ப மாட்டும் கூலியை முதலிலேயே சொல்லாததால் வரும் சண்டை தனி ரகம். இன்ஜினைப் பிரித்துப் பார்த்த பிறகு உரிமையாளர் ‘வேண்டாம், அப்படியே கொடுங்கள்’ என்றால் பிரித்துப்போட்ட நிலையிலா கொடுப்பது? கலிஃபோர்னியாவின் வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம் இதை எதிர்பார்த்திருக்கிறது. பிரித்துப் பார்ப்பதற்கான மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும், அதில் திரும்பப் பூட்டும் செலவும் பிரிக்கும்போது வீணாகும் கேஸ்கட் போன்றவற்றின் விலையும் அடங்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் சாலை வாகனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படகுப் பட்டறைக்கும் அது நல்ல வழிகாட்டி.

கருவிக்கும் ஒரு பங்கு உண்டு. கம்பெனி மென்பொருளுக்கும் இன்ஜெக்டர் சோதனை மேடைக்கும் முதலீடு போட்டவர் அதை ஒவ்வொரு வேலையிலும் கொஞ்சம் மீட்பதில் தவறில்லை. ஆனால் மென்பொருளைச் செருகிக் குறியீட்டைப் படித்துச் சொல்வதைப் பழுதறிதல் என்று பெயரிட்டு முழுக் கூலி வாங்குவது வேறு. குறியீடு படித்தல் சோதனையின் முதல் படி. அதற்குச் சிறு தொகை போதும்.

எதற்கு வாங்கக்கூடாது என்பது இதைவிடக் கடினம். பட்டறை தொழில் கற்றுக்கொண்ட நேரத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பாக முடியாது. முதன்முறையாக ஒரு மாடலைப் பார்க்கும் மெக்கானிக் வயரிங் படத்தைத் தேடிப் படிக்க மூன்று மணி நேரம் செலவிட்டால், பழகியவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையே பில்லில் போட வேண்டும். மிச்சம் பட்டறையின் முதலீடு, அடுத்த படகில் திரும்ப வரும். கழற்றும்போது உடைத்தவையும் அப்படியே. நியாயமான விதிவிலக்கு உப்பில் கெட்டியாகிப்போன போல்ட். இருபது வருடமாகக் கடல்நீரில் ஊறிய அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட் முறியாமல் வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து நடத்தும் அரிப்பின் விளைவு அது. அந்த ஆபத்தைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டவர் கேட்கலாம், முறிந்த பிறகு சொல்பவர் கேட்க முடியாது.

பொருந்தாத ஊகத்துக்கும் எதிர்மறை முடிவுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் பெரும்பாலான தகராறுகள் தடுமாறுகின்றன. அழுத்தச் சோதனை எடுத்ததில் எல்லா சிலிண்டரும் சமமாகவும் சரியான அளவிலும் இருந்தால் வாடிக்கையாளர் ‘அதில் ஒன்றும் கிடைக்கவில்லையே, அதற்கு ஏன் காசு’ என்பார். கிடைத்திருக்கிறது: பிஸ்டனும் வால்வும் நல்ல நிலையில் இருக்கின்றன, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை என்ற தகவல். அதற்குக் காசு தரத்தான் வேண்டும். சோதனையே இல்லாமல் ‘இதுவாக இருக்கலாம்’ என்று இக்னிஷன் காயிலை மாற்றி, சரியாகாமல், அடுத்து வேறொன்றை மாற்றினால் முதல் காயிலுக்கான செலவு பட்டறையுடையது. மின்சாரப் பாகங்களைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது பட்டறையின் கவலை. உரிமையாளரிடம் முன்கூட்டியே ‘சோதித்துப் பார்க்க நாளாகும், காயிலை மாற்றிப் பார்த்துவிடலாம், சரியாகாவிட்டாலும் சாமான் உங்களுடையது’ என்று சொல்லி அவர் ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. அது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. காயிலின் விலை குறைவாகவும் சோதனை நேரம் கூடுதலாகவும் இருக்கும்போது அதுவே சிக்கனமான முடிவாகவும் இருக்கும்.

மணிக்கணக்கு முறையின் நோய் மெதுவாகத் தேடுபவருக்கு அதிகம் கிடைப்பது. ஒரே தொகை என்ற முறையில் அவசரமாக முடிப்பவருக்கு லாபம். இரண்டுக்கும் நடுவே படிப்படியாக அனுமதி வாங்கும் முறை இருக்கிறது, படகுக்கு அதுவே பொருந்துகிறது. முதல் கட்டத்துக்கு ஒரு தொகையும் அதற்குள் செய்யப்போகும் சோதனைகளும் பேசிக்கொள்ளப்படுகின்றன. அது முடிந்ததும் பட்டறை நிறுத்தி, இதுவரை தெரிந்தது, இன்னும் சந்தேகத்தில் உள்ளது, அடுத்த கட்டத்துக்கு ஆகும் செலவு ஆகியவற்றைச் சொல்கிறது. தொடர்வதா, ஊகித்து மாற்றுவதா, அப்படியே ஓட்டுவதா என்பதை உரிமையாளர் முடிவுசெய்கிறார். பழைய இன்ஜினின் விலையை நெருங்கும்வரை தேடிக்கொண்டே போய்க் கடைசியில் பெரிய பில்லை நீட்டும் விபத்து இதில் நடப்பதில்லை.

பழுதை அந்தப் பட்டறையிலேயே சரிசெய்தால் பழுதறி கூலியைக் கழித்துவிடுவோம் என்பது பரவலான சலுகை. வாடிக்கையாளருக்குப் பிடிக்கும். ஆனால் அது பழைய நோயைப் பின்வாசல் வழியே அழைத்துவருகிறது. கழித்த தொகையை எங்கோ ஈடுகட்டியாக வேண்டும், ஈடுகட்டும் இடம் சாமானும் மாட்டுகூலியும்தான். பெரிய பழுது என்று சொன்னால் கூலி மீளும், சின்னப் பழுது என்றால் மீளாது என்ற நிலைக்கே மெக்கானிக் திரும்புகிறார். கழிவு தராத பட்டறை கறாராகத் தெரிந்தாலும் அதன் வாயிலிருந்து ‘ஒன்றுமில்லை, முனையைத் தேய்த்துவிட்டேன், போங்கள்’ என்ற வாக்கியம் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

இந்தத் தொழிலில் சுற்றிவரும் ஒரு கதையை இங்கே தள்ளிவைத்துவிடலாம். நின்றுபோன கப்பல் இன்ஜினை ஒரு கிழவர் சுத்தியலால் ஒரே தட்டு தட்டி ஓடவைத்துப் பெரும் தொகை கேட்டாராம். தட்டியதற்குக் கொஞ்சம், எங்கே தட்டுவது என்று தெரிந்ததற்கு மிச்சம் என்று பில் எழுதினாராம். ஆள் பெயரும் தொகையும் மாறி மாறிப் பல வடிவங்களில் உலவும் கதை இது. அறிவுக்கு விலை உண்டு என்று சொல்வதற்கு உதவும், கூலி நிர்ணயிப்பதற்கு உதவாது. கதையில் தட்டு பலித்துவிடுகிறது. பட்டறையின் தலைவலியெல்லாம் பலிக்காத தட்டுகளைப் பற்றியது.

அவற்றில் கொடியது விட்டுவிட்டு வரும் பழுது. மூன்று மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை அணையும், திரும்பக் கிளம்பும், மெக்கானிக் இருக்கும்போது வராது. வராத பழுதைத் தேடுவதற்கு நேரம் வரம்பின்றிப் போகும். இங்கே பட்டறை நேர்மையாகச் செய்யக்கூடியது, பேசிய தொகைக்குள் எந்தெந்தச் சோதனைகள் செய்தது, என்ன அளவுகள் கிடைத்தன என்று எழுதிக்கொடுத்து, பழுது அடுத்தமுறை வரும்போது படகோட்டி எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது. அணையும் முன் கைப்பம்ப் பல்பு சப்பிப்போயிருந்ததா, விளக்குகளும் சேர்ந்து மங்கினவா, இன்ஜின் படிப்படியாக அணைந்ததா சட்டென்று நின்றதா? எரிபொருள் நின்றால் இன்ஜின் தடுமாறித்தான் அணையும், மின்சாரம் அறுந்தால் சட்டென்று நிற்கும். இந்த விவரத்தோடு திரும்பி வரும் படகோட்டி பட்டறையின் பாதி வேலையைச் செய்துவிட்டார். அடுத்த கட்டக் கூலியில் அது குறைய வேண்டும்.

மீன்பிடித் துறைமுகத்தில் காலமும் விலையை மாற்றுகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2017க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகைக் கரையேற்றி மரவேலை, வண்ணம், இன்ஜின் வேலை எல்லாம் நடப்பது அப்போதுதான். தேடுவதற்கு நேரம் இருக்கும் காலம் அது. ஆனால் படகு கரையில் நிற்பதால் சுமையோடு ஓட்டிப்பார்க்க முடியாத காலமும் அதுவே. தடைக்காலத்தில் செய்த பழுதறிதலின் உண்மை முதல் கடலோட்டத்தில்தான் வெளிவரும். அதனால் கூலியில் ஒரு பகுதியை அந்த ஓட்டம்வரை நிறுத்திவைப்பது இரு தரப்புக்கும் நியாயம். தடை இல்லாத நாளிலோ கணக்கு தலைகீழ். மறுநாள் அதிகாலை கிளம்ப வேண்டிய படகில் ஐஸ் ஏற்றியாகிவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு நாள் நின்றால் போகும் வருமானம் புதிய ஸ்டார்ட்டரின் விலையைவிட அதிகம். அங்கே முறையாகச் சோதிப்பதைவிடக் கையில் உள்ள பாகத்தை மாட்டி அனுப்புவதே புத்திசாலித்தனம். ஊகித்து மாற்றுவதை எப்போதும் குற்றமாகப் பார்ப்பவர்கள் துறைமுகத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தக் காசு யார் பையிலிருந்து போகிறது என்பதும் உண்டு. பங்கு முறையில் டீசல், ஐஸ், சாப்பாடு போன்ற கடலோட்டச் செலவுகளைக் கழித்த பிறகே மீதி உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பிரியும். இன்ஜின் செலவு பெரும்பாலும் உரிமையாளர் தலையில். ஆனால் தேடுவதில் கழிந்த நாளின் இழப்பு ஆட்கள் எல்லோருக்கும். நாளை மிச்சப்படுத்தச் சாமானுக்குச் செலவழிக்க ஆட்கள் விரும்புவார்கள், சாமானை மிச்சப்படுத்த நாளைச் செலவழிக்க உரிமையாளருக்குத் தோன்றும். பட்டறைக்கும் பாக்கி வைப்பதே வழக்கமாக இருக்கும் இடத்தில், கடனை வசூலிக்க எளிதான வரி சாமான் வரிதான். காட்டிக் கேட்க ஒரு பொருள் இருக்கிறதே. தனிப் பழுதறி கூலி இங்கே வேரூன்றாததற்கு மெக்கானிக்குகளின் பேராசையைவிட இந்தக் கடன் வழக்கமே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

கூட்டுறவு இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்துப் பார்த்தது. திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு படகு கட்டும் தளங்களோடு அவுட்போர்டு பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. பட்டறையின் உரிமையாளர்களும் வாடிக்கையாளர்களும் அதே மீனவர்களாக இருக்கும்போது தேவையற்ற பாகம் விற்று வரும் லாபம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவதாகிவிடும். மெக்கானிக்குக்குச் சம்பளம் என்பதால் எதைக் கண்டுபிடித்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

சட்டம் இந்தக் கூலியை எப்படிப் பார்க்கிறது என்பது சுவையானது. பழுதுபார்த்தவர் காசு வரும்வரை பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்பது பழைய உரிமை. ஆனால் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் பொருள் மேம்பட்டிருக்க வேண்டும். 1915இல் ஹாட்டன் என்பவருக்கும் ஒரு கார்ப் பராமரிப்பு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், காரை இருந்த நிலையில் காப்பாற்றி வைத்ததற்கு அந்த உரிமை இல்லை என்று தீர்ப்பானது. அந்த அளவுகோலில் பழுதறிதல் தோற்றுவிடும். கண்டுபிடித்ததால் மட்டும் இன்ஜின் மேம்படுவதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 170ஆம் பிரிவு மேம்பாட்டைக் கேட்கவில்லை. ஒப்படைக்கப்பட்ட பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலுத்திய சேவை போதும், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை ஊதியம் வரும்வரை பிடித்துவைக்கலாம் என்கிறது. அந்தச் சொற்களின்படி தேடுவதும் திறமையின் பயன்பாடுதான் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் பொருள் பட்டறையின் கைவசம் இருக்க வேண்டும். கழற்றிக் கொண்டுவந்த அவுட்போர்டுக்கு இது பொருந்தும், துறைமுகத்தில் உரிமையாளரின் காவலில் மிதக்கும் விசைப்படகுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பொருந்தாது. 2017ஆம் ஆண்டு கடல்சார் உரிமைகோரல் சட்டம் கப்பல் பழுதுபார்ப்புக் கோரிக்கைகளையும் உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வைத்திருக்கிறது. அரை நாள் கூலிக்காக அங்கே போகிறவர் இல்லை.

பழுதறிதலையும் பழுதுபார்த்தலையும் வெவ்வேறு ஆட்களிடம் பிரித்துவிடுவது இன்னொரு தீர்வு. படகு விற்கும்போதும் காப்பீட்டுக்கும் சர்வேயர்கள் அப்படித்தான் இயங்குகிறார்கள், பார்ப்பதற்கு மட்டுமே காசு, மாட்டுவதில் பங்கில்லை. பெரிய இழப்பும் பெரிய தகராறும் உள்ள இடத்தில் அது தகும். சின்னத் துறைமுகத்தில் பார்க்கத் தெரிந்தவர்களே நாலைந்து பேர். அவர்களில் ஒருவரைக் கையில் ஸ்பேனர் எடுக்காதே என்று சொல்வது வீண். கொச்சியிலும் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் இயங்கும் மத்திய மீன்வள நிறுவனமான சிஃப்நெட் மீன்பிடிக் கலங்களுக்கான ஃபிட்டர் பயிற்சி தருகிறது. பெரும்பாலான துறைமுக மெக்கானிக்குகள் வாத்தியாரிடம் கைவேலையாகக் கற்றவர்கள். அளந்து பார்க்கும் பழக்கம் இரு வழியிலும் வரலாம். அளந்ததை எழுதிவைக்கும் பழக்கம்தான் அரிது.

கூலி வாங்கியதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது அந்த எழுத்து. புகார் என்ன, எந்த நிலையில் சோதித்தது, எந்த அளவு எவ்வளவு வந்தது, எவை நீக்கப்பட்டன, முடிவு என்ன, அதில் எவ்வளவு உறுதி என்று ஒரு பக்கம் போதும். பணம் கொடுத்த பிறகு அந்தப் பக்கம் உரிமையாளருடையது. அதை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய் மலிவாகச் செய்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. முதல் பட்டறை அதற்காக வருந்தக் காரணமில்லை, அதன் வேலைக்குக் கூலி வந்துவிட்டது. இரண்டாவது பட்டறை அந்தத் தாளை நம்பி வேலை செய்து பழுது தீராவிட்டால், எழுதிய அளவுகள் சரியா என்பதற்கு முதல் பட்டறை பொறுப்பு, மாட்டிய விதத்துக்கு இரண்டாவது பட்டறை பொறுப்பு. அளவே எழுதாமல் ‘பம்ப் போச்சு’ என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. அப்படிப்பட்ட தாளுக்கு வாங்கிய கூலியை முதல் பட்டறை திருப்பித் தர வேண்டும்.